ஊசிப் பதிவேடு

நான் சிகிச்சை செய்த ஒரு பெண்ணின் கணவர் என்னை முதல்முதலாக நேருக்கு நேர் பார்த்தபோது வணக்கம் சொல்லவில்லை. "எங்க வீட்டுக்காரிக்கு உள்ள என்னா செஞ்சீங்க?" என்றுதான் கேட்டார். ரம்புக்கனைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குப் போகும் குறுக்கு ரோட்டில் என் வாகனத்தை மறித்து நின்றுகொண்டு கேட்டார். கையில் பால்வெட்டும் கத்தி இருந்தது. மழையால் வேலை நின்று திரும்பி வருகிறார், வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கண்ணாடியை முழுதாக இறக்கவில்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவருடைய கேள்வி புரியும். நான் இருதய வைத்தியர். நெஞ்சைப் பிளக்காமல், தொடை இடுக்கில் ஊசியால் சிறு துளை போட்டு, அதன் வழியாக மெல்லிய கம்பியையும் பலூனையும் இருதயத்துக்குள் கொண்டுபோய், சுருங்கிப்போன வால்வை விரித்துவிடுவது என் தொழில். கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்தில் நான்கு நாள், எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு அதைச் செய்தேன். வாரக் கடைசியில் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் ஓர் ஆய்வு. சின்ன வயதில் தொண்டை நோவும் மூட்டு வீக்கமுமாக வந்துபோகிற ஒரு காய்ச்சல் உண்டு. அது போன பிறகும் உள்ளே இருந்து வால்வைக் கெடுக்கும். தொழிலாளர்களுக்காக ஒற்றை அறைக் காம்பராக்களை வரிசையாகக் கட்டிய நெரிசலான லயங்களில் அது அதிகம். வால்வு கெட்டவர்களைத் தேடிப் பிடிப்பதும், மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டால் நோய் முற்றாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுமே அந்த ஆய்வு.

இதற்குள் என்னை இழுத்துவிட்டது ஒரு சாவு. தொண்ணூற்றிரண்டில் நான் பயிற்சி வைத்தியராக இரத்தினபுரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிரசவ வலியோடு தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பெண் மூச்சுவிட முடியாமல் என் கண்முன்னே போய்விட்டாள். முட்டு வருத்தம், ஆஸ்துமா, என்று வருஷக்கணக்காக அவளுக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது முட்டு அல்ல, வால்வு. யாரும் நெஞ்சில் குழலை வைத்து ஒழுங்காகக் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டது கடைசி ஒரு மணித்தியாலத்தில்தான். அதற்குப் பிறகு எந்த நோயாளியின் பழைய சீட்டையும் நான் அப்படியே நம்பியதில்லை. எழுதியிருப்பதை முதலில் சந்தேகப்படு, பிறகு நோயாளியைத் தொட்டுப் பார் என்று பழகிக்கொண்டேன். இந்தப் பழக்கம் வைத்தியத்தில் எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது. மனிதரிடத்தில் அவ்வளவு நல்லதாக இருக்கவில்லை.

கணவர் மறித்ததற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, போர் நிறுத்தம் இருந்த காலம், அவருடைய மனைவியை அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கண்டுபிடித்தேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற அந்தக் கட்டடத்தில்தான் எங்கள் ஸ்கேன் இயந்திரத்தை வைத்திருந்தோம். இருபத்திரண்டு வயது. பால்வெட்டுக்காரி. விடியற்காலையில் மலை ஏறி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், இரண்டு மரத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவதாகச் சொன்னாள். வால்வு ஊசிக் கண் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இந்த நிலையில் பிள்ளை உண்டானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கொழும்புக்கு வரச் சொன்னேன்.

தாயோடு வந்தாள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. சிகிச்சைக்கு முன்பு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். அந்தப் பத்திரத்தைத் தமிழில் எழுதியது நானேதான். என் அப்பா பெல்மதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். லயத்தில் பிறந்தவள் நான். என் சனத்துக்கு என்னைவிட யார் நன்றாக எழுதிவிடப் போகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

மயக்க மருந்து கொடுக்காமல், துளை போடும் இடத்தை மட்டும் மரக்கச் செய்துதான் அந்தச் சிகிச்சையைச் செய்வோம். அவள் விழித்திருந்தாள். திரையில் தன் இருதயம் துடிப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"தொடையில ஓட்டை போட்டுட்டு நெஞ்சுக்குப் போறோம்னு சொல்றீங்க. நெசமாவா டொக்டரம்மா?"

"நெசமாத்தான். இப்ப உள்ளதான் இருக்கோம்."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

பலூனை விரித்த அந்த ஒரு நொடியில் மட்டும் முகம் சுளித்தாள். பிறகு அழுத்தம் இறங்கியது. மறுநாள் வார்டில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, மூச்சு வாங்கவில்லை என்று ஆச்சரியப்பட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிள்ளை வேண்டாம், பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். கணவரை அழைத்து அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இரண்டாம் சுற்றுக்காக அந்தத் தோட்டத்துக்குப் போனபோது பிள்ளைக் காம்பராவில் ஆயாவையும் தூங்கும் குழந்தைகளையும் தவிர யாரும் இல்லை. முதல் சுற்றில் வரிசையில் நின்ற பெண்கள் எங்கே? தோட்டத்து மருத்துவ உதவியாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர்தான் டொக்டர் ஐயா. மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, எங்கள் ஆய்வுக்காக மாதாமாதம் ஊசி போட்டுப் பதிவேட்டில் குறிப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

"வேலை கூட, டொக்டர். மழை விட்டுச்சு. பால் நல்லா எறங்குது. எல்லாம் மலைக்குப் போயிட்டாங்க."

அன்றைக்குக் காலையிலும் மழை பெய்திருந்தது. ரோட்டோரத்து மரங்களெல்லாம் நனைந்திருந்தன. நனைந்த மரத்தில் பால் வெட்டமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதென்று நினைத்தாரா?

ஊசி மருந்து வைத்திருக்கும் அலுமாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். சாவி தோட்ட அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார். இடையில் ஒருமுறை வந்தபோதும் அதையே சொல்லியிருந்தார். பதிவேட்டை மட்டும் தந்தார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மாதாமாதம் ஒரு சரி அடையாளம். ஒருவர்கூட ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. எல்லாம் ஒரே நீல மை, ஒரே சாய்வு. மற்றத் தோட்டங்களின் பதிவேடுகளில் அடித்தல் இருக்கும், "ஊருக்குப் போய்விட்டார்" என்றிருக்கும், தேநீர்க் கறை இருக்கும். இது கலியாணப் பத்திரிகை மாதிரிச் சுத்தமாக இருந்தது.

அன்று திரும்பும் வழியில்தான் அந்தக் கணவர் மறித்தது.

"உங்க மனைவிக்கு இருதயத்துல வால்வை விரிச்சோம். இப்ப சுகமா இருக்காங்கல்ல?"

"நெஞ்சுல வருத்தம்னா நெஞ்சுலதானே கைய வைக்கணும்? எதுக்குத் தொடைக்குக் கீழ ஓட்ட போட்டீங்க? ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. புள்ள இல்ல. எங்க சனத்தப் பெருகவிடக் கூடாதுன்னு முன்ன என்னா செஞ்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். தோட்டங்களில் ஒரு காலத்தில் கருத்தடைச் சிகிச்சைக்கு எப்படியெல்லாம் ஆள் சேர்த்தார்கள் என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பழியை என் தலையில் கட்டுவார்கள் என்று நான் நினைத்ததில்லை. விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. பெண்கள் ஏன் வரவில்லை என்பது மட்டும் விளங்கியது.

யாரோ இந்தக் கதையைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். யார்? வரக்காப்பொல வரும்வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வாகனம் அங்கே சந்தை நெரிசலில் நின்றபோது எனக்குள் முடிவாகிவிட்டது. மருத்துவ உதவியாளர்தான். ஊசி போடாமல் போட்டதாக எழுதுகிறார், அலுமாரியில் மருந்து இல்லை, வெளியே விற்கிறார், நாங்கள் மறுபடி மறுபடி வந்தால் மாட்டிக்கொள்வார். ஆகவே பெண்களைப் பயமுறுத்தி எங்களை வரவிடாமல் செய்கிறார். எல்லாம் அழகாகப் பொருந்தியது.

அடுத்த தடவை அவர் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். அவர் அந்தக் கோப்பையைப் பார்த்தார்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. கண்டி ரோட்டில் சோதனைச் சாவடிகள் திரும்பி வந்தன. ஒரு சனிக்கிழமை பிற்பகல் என் வாகனத்தை நிறுத்திப் பையைத் திறந்தார்கள். ஆய்வுத் தாள்கள் இருந்தன. தமிழ்ப் பெயர்கள், அடையாள அட்டை இலக்கங்கள், வயது, எந்த லயத்தில் எத்தனையாவது காம்பரா என்பதற்குக் கையால் வரைந்த படம். வால்வு கெட்டவர்களின் காம்பராக்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன்.

"மே மொனவத நோனா?" இவையெல்லாம் என்ன என்று அந்தப் பொலிஸ்காரர் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

இருதய நோயாளிகளின் பட்டியல் என்று சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரையும் போல நானும் அதைப் பேசித்தான் வளர்ந்தேன். அவர் அடையாள அட்டையில் என் பெயரைப் படித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "அப்படியென்றால் வீடுகளுக்கு ஏன் சிவப்புப் புள்ளி?"

பொலிஸ் நிலையத்தில் சுவரோரம் கிடந்த ஒரு மர வாங்கில் நான்கு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். ஆய்வை என்னோடு சேர்ந்து நடத்திய என் பேராசிரியர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசிய பிறகு மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். தாள்களை மட்டும் இரண்டு வாரம் வைத்துக்கொண்டார்கள். அந்த வாங்கில் இருந்த நேரமெல்லாம் நான் நினைத்தது ஒன்றுதான். இவ்வளவு வாகனம் போகிற ரோட்டில் என்னை மட்டும் நிறுத்தச் சொன்னது யார்? நான் அன்றைக்கு வருவது யாருக்குத் தெரியும்? மருத்துவ உதவியாளருக்குத் தெரியும். நான்தான் முதல்நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.

அவரை நீக்கக் கோரித் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்புவதற்கு முன்பு அந்தப் பெண் கொழும்புக்கு வந்துவிட்டாள்.

இரண்டு முழங்காலும் வீங்கி, காய்ச்சலோடு, கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பழைய காய்ச்சல் திரும்பியிருந்தது. ஊசி ஒழுங்காகப் போட்டிருந்தால் வந்திருக்கக் கூடாது. பதிவேட்டின் பிரதி என் மேசையில் இருந்தது. அவளுக்கு எதிரில் ஒரு மாதம் விடாமல் சரி.

"மாசா மாசம் ஊசி போட்டாங்களா?"

அவள் கணவரைப் பார்த்தாள். "மொத ரெண்டு மாசம் போட்டாங்க. பொறகு மாத்திர குடுத்தாங்க. ஊசியும் மாத்திரையும் ஒண்ணுதான், நேரத்துக்குப் போட்டுக்கன்னு டொக்டர் ஐயா சொன்னாரு. காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு ஓடுற அவசரத்துல நான்தான் பாதி நாள் மறந்துட்டேன்."

நான் நினைத்தது சரியாகப் போயிற்று. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உடனே அடுத்ததையும் கேட்டேன்.

"நாங்க கருத்தடை செய்றோம்னு சொன்னதும் அவருதானே?"

கணவர் நிமிர்ந்தார். "அவரா? இல்ல இல்ல. அவரு லயம் லயமா வந்து, அப்படியெல்லாம் இல்லன்னு சொல்லிட்டுப் போனாரு. நாங்கதான் நம்பல. எழுத்துலயே இருக்கே."

"எந்த எழுத்துல?"

சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த தாள். நான் எழுதிய சம்மதப் பத்திரத்தின் நோயாளிப் பிரதி. விரலை வைத்துக் காட்டினார். 'தொடைக் குழாயினூடாகச் சென்று, குறுகிய பகுதியில் பலூன் சிகிச்சை மேற்கொள்ளப்படும் என்பதையும், அதன்பின் ஒரு வருட காலத்துக்குக் கருத்தரித்தல் ஆகாது என்பதையும் அறிந்து சம்மதிக்கிறேன்.'

"குழாய்னு போட்டிருக்கு. குழாய் கட்டுறது என்னான்னு எங்களுக்குத் தெரியாதா? புள்ள தங்காதுன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவன் டொக்டரம்மா. வாசிச்சுத்தான் பாத்தேன். அக்கம்பக்கத்துல கேட்டவங்களுக்கும் வாசிச்சுக் காட்டினேன்."

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கதையைக் கட்டியவர் யார் என்று தோட்டம் முழுக்கத் தேடியிருந்தேன். கீழே என் கையெழுத்து இருந்தது. லயத்தில் இரத்தக் குழாயை யாரும் குழாய் என்று சொல்லமாட்டார்கள், நரம்பு என்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். பத்திரம் எழுதும்போது அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. 'கூடாது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஆகாது' என்றும் எழுதியிருந்தேன்.

அவளை வார்டில் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கியது. வால்வு கொஞ்சம் தடித்திருந்தாலும் நாங்கள் விரித்த வழி அடைபடவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன்.

மருத்துவ உதவியாளரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தார். முதல் இரண்டு மாதத்துக்கானவை போக, நாங்கள் கொடுத்த பென்சிலின் குப்பிகள் மூடி உடைக்காமல் வரிசையாக நின்றன. ஒன்றுகூட விலைக்குப் போயிருக்கவில்லை.

"முன்ன வேற தோட்டத்துல இருந்தப்ப ஒரு பொம்பளப்புள்ளைக்கு இதே ஊசியைப் போட்டேன்," என்றார். "சோதிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். நின்ன நெலையிலயே விழுந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வர முந்தியே முடிஞ்சிருச்சு. விசாரணையில எம்மேல குத்தம் இல்லன்னாங்க. ஆனா அந்தப் புள்ளையோட ஆத்தா மூஞ்சி இருக்கே... நீங்க வந்து ஆய்வுன்னு சொன்னப்ப முடியாதுன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு மாசம் போட்டேன், டொக்டர். ஒவ்வொரு ஊசிக்கும் அந்த ஆத்தா மூஞ்சிதான் வந்து நின்னுச்சு. பொறகு மாத்திரைக்கு மாத்திட்டேன்."

"அப்ப எதுக்குச் சரி போட்டீங்க?"

"உங்களுக்குப் பயந்துதான். நீங்க ஒருத்தரையும் நம்பாத ஆளு."

எனக்கு முகம் சுட்டது. சாவடி விஷயத்தையும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "நான் யாருக்கும் சொல்லல," என்றார். குரலில் வருத்தம் தெரிந்தது. நம்பினேன் என்று சொல்ல ஆசைதான். முக்கால்வாசி நம்பினேன். என்னை அன்றைக்கு யாராவது சொல்லித்தான் நிறுத்தினார்களா, பெயரைப் பார்த்து நிறுத்தினார்களா, சும்மா நிறுத்தினார்களா என்பது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆய்வுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பேராசிரியர் அந்தத் தோட்டத்தின் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். மொத்தத்தில் ஒரு தோட்டம்தானே, முடிவு மாறாது என்றார். முடிவு மாறாது என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சரிகளில் ஒன்று, வீங்கிய முழங்காலோடு என் முன்னால் வந்து நின்றதை நான் பார்த்துவிட்டேன். அந்தத் தோட்டத்தை ஆய்விலிருந்து முழுதாக நீக்கிவிட்டேன். பிறகு மற்றப் பதிவேடுகளையும் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், லயத்துக் கதவைத் தட்டி, ஒவ்வொருவரிடமும் ஊசி போட்டார்களா என்று கேட்டேன். பெரும்பாலும் சரியாக இருந்தது. இரண்டு இடங்களில் இல்லை. அதனால் கட்டுரை ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமாகி, சின்னதாகி, நாங்கள் நினைத்ததைவிடச் சாதாரணமான சஞ்சிகையில் வந்தது. பேராசிரியருக்கு அதில் மனக்குறை. என்னோடு அடுத்த ஆய்வில் அவர் சேரவில்லை.

அதற்கெல்லாம் முன்பே சம்மதப் பத்திரத்தை மறுபடி எழுதியிருந்தேன். இந்த முறை வார்டில் படுத்திருந்த அந்தப் பெண்ணிடம் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி எழுதினேன். 'தொடை நரம்பு வழியாக மெல்லிய வயர் ஒன்றை இருதயத்துக்குக் கொண்டு போவோம்' என்றதும் தலையாட்டினாள். 'கர்ப்பப்பைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை' என்பதை முதல் வரியாகப் போடச் சொன்னாள். "அதத்தான் டொக்டரம்மா மொதல்ல தேடுவாங்க," என்றாள். முதல் வரியாகவே போட்டேன்.

ஊசியை மறுபடி தொடங்கிய முதல் நாள் நான் தோட்டத்தில் நின்றேன். ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய மருந்தையும் ஒட்சிசன் சிலிண்டரையும் மேசையில் எடுத்து வைத்தேன். தோட்ட மேலாளரான தொரையிடம் பேசி அவருடைய ஜீப்பை வாசலில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். நாலைந்து பெண்கள் வந்து சுவரோரமாக நின்றார்கள். யாரும் முன்னால் வரவில்லை. அந்தப் பெண்தான் போய்க் கட்டிலில் குப்புறப் படுத்தாள்.

மருத்துவ உதவியாளரின் நெற்றியில் வியர்வை. "நீங்களே போடுங்களேன், டொக்டர்," என்று என் பக்கம் ஊசியை நீட்டினார்.

"நான் மாசா மாசம் இங்க இருக்கமாட்டேன். நீங்கதான் இருப்பீங்க."

போட்டார். பிறகு எழுந்துவிடாமல் அரை மணித்தியாலம் அவளை அங்கேயே இருக்கவைத்தோம். அந்த அரை மணித்தியாலமும் அவர் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. "எழும்பலாமா?" என்று அவள் கேட்டபோது அவர் கதவுக்கு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அடுத்த பெண் தானாக வந்து படுத்தாள். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் அடுத்த மாதம் வந்தார்கள். ஒருத்தி கடைசிவரைக்கும் வரவே இல்லை.

அதன் பிறகு அந்தப் பதிவேட்டில் அடித்தல்கள் வந்தன. 'வரவில்லை', 'பயம்', 'தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார்' என்றெல்லாம் எழுதியிருந்தார். ஓய்வு பெறும்வரை அவர்தான் போட்டார்.

வால்வு நிலையாக இருக்கிறது என்று உறுதியான பிறகு பிள்ளை பெறலாம் என்றேன். இந்த முறை கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னேன். இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் அவளுக்குக் கேகாலையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கடைசி மூன்று மாதமும் நான் வாரத்துக்கு இரண்டு தடவை தொலைபேசியில் விசாரித்தேன். பிரசவ அறையில் அவளுக்கு மூச்சு முட்டவில்லை என்று அங்கிருந்த வைத்தியர் சொன்னபோது, நம்பாமல், இன்னொரு தடவை கேட்டேன்.

குழந்தைக்கு நான்கு மாதமானபோது பரிசோதனைக்கு மூன்று பேரும் கொழும்புக்கு வந்தார்கள். ஸ்கேன் எடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கணவர் திரையைக் கிட்டப்போய்ப் பார்த்தார். வால்வு எது, எங்கே விரித்தீர்கள் என்று கேட்டார். காட்டினேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப டொக்டரம்மா, அடுத்ததுக்கு எவ்வளவு காலம் பொறுக்கணும்?"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"இத மொதல்ல வளக்கிற வழியப் பாருங்க. பேசாம வாங்க, பஸ் போயிரும்."